நிழலாக்கப்படும் தாய்: ஆட்டிசம், சட்டம், பள்ளிக்கூடம்

ஒரு சொல் எந்த வாசல் வழியாகச் சட்டத்துக்குள் நுழைகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 'ஆட்டிசம்' இந்தியச் சட்டத்துக்குள் பள்ளிக்கூட வாசல் வழியாக வரவில்லை. காப்பாளர் என்கிற வாசல் வழியாக வந்தது. இன்று ஆறு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற தாய் சந்திக்கும் அவமானங்களில் பாதி, அந்த நுழைவிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது என் வாதம்.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு ஊனங்களைப் பட்டியலிட்டது: பார்வையின்மை, குறைந்த பார்வை, தொழுநோயிலிருந்து குணமடைந்த நிலை, செவித்திறன் குறை, உடல் இயக்கக் குறை, மனவளர்ச்சிக் குறை, மனநோய். 18 வயது வரை இலவசக் கல்வி என்று அதன் 26ஆம் பிரிவு சொன்னது. ஏழில் ஆட்டிசம் கிடையாது. பேச்சு வராத குழந்தை என்றால் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். நன்றாகப் பேசுகிற, கணக்குப் போடுகிற, ஆனால் மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்காருகிற குழந்தைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஊனமும் இல்லை, 'நார்மலும்' இல்லை. சேட்டை, வளர்ப்பு சரியில்லை, அவ்வளவுதான்.

'வளர்ப்பு சரியில்லை' என்பது நம் திண்ணைப் பேச்சு மட்டுமல்ல. அதற்கு மருத்துவ வம்சாவளி உண்டு. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே பெற்றோரின் உணர்ச்சிக் குளிர்ச்சி பற்றிய குறிப்பு இருக்கிறது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு முழுப் புத்தகமாக்கினார். தாய் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டாள். பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே இந்தக் கதையாடலை மறுத்து எழுதிவிட்டார். அவர் உளவியலாளர், ஆட்டிசமுள்ள மகனின் தகப்பனும்கூட. 1965இல் அமெரிக்காவில் பெற்றோர் சங்கம் உருவானது. அதே ஆண்டு லண்டன் ஈலிங்கில் பெற்றோர் சங்கம் ஒன்று ஆட்டிசக் குழந்தைகளுக்காகவே பள்ளி தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தந்த பதில் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இங்கும் அப்படித்தான். டெல்லியில் 1991இல் மெர்ரி பரூவா என்கிற தாயின் முன்முயற்சியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கியது. பிறகு பள்ளியும் வந்தது. ஆனால் அரசு தன் பங்குக்குத் தந்தது வேறொன்று. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தின் பெயரைச் சொன்னது. எதற்காக? 18 வயது தாண்டியவர்களுக்குக் காப்பாளரை நியமிப்பதற்காக. மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரியைக் கொண்ட ஒரு குழு, ஒரு விண்ணப்பம், ஒரு காப்பாளர். 'நாங்க போனப்புறம் யாரு பாத்துக்குவா?' என்று பெற்றோர் தூக்கமில்லாமல் கேட்ட கேள்விக்கான பதில் அது. அந்தக் கேள்வியை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஆட்டிசமுள்ளவரை அரசு முதன்முதலில் அடையாளம் கண்டது மாணவராக அல்ல, இன்னொருவரின் பொறுப்பில் விடப்பட வேண்டியவராக. அந்தச் சட்டம் எந்தப் பள்ளி மீதும் எந்தக் கடமையையும் சுமத்தவில்லை.

நம் அரசு ஆவணங்கள் அப்போது கண்டெடுத்த தமிழையும் பாருங்கள்: 'புறவுலகச் சிந்தனையற்றோர்'. மின்விசிறியின் சத்தம், டியூப்லைட்டின் துடிப்பு, பக்கத்துப் பையனின் சட்டை வாசனை என்று புறவுலகம் அளவுக்கு மீறி உள்ளே கொட்டுகிற குழந்தைக்கு வைத்த பெயர் இது! புறவுலகத்தைப் பற்றிச் சிந்திக்காதவர் யார் என்ற கேள்வியை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டார்.

2009இன் கல்வி உரிமைச் சட்டம் ஊனத்துக்கான வரையறையை 1995இலிருந்து கடன் வாங்கியதால் ஆட்டிசம் மறுபடி வெளியே நின்றது. 2012 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். அதே திருத்தம் கடுமையான ஊனமுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் 'உரிமை'யையும் தந்தது. வீடு என்றால் யார்? அம்மாதான்.

2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. ஊனம் என்பது குறைபாடு தடைகளோடு மோதும்போது உண்டாவது என்று அது வரையறுக்கிறது. நல்ல வரையறை. ஆனால் அளப்பதென்று வரும்போது தடைகள் காணாமல் போகின்றன. ஆட்டிசச் சான்றிதழுக்காக 2016 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட இந்திய அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண்ணைப் பார்க்கிறதா, சிரிக்கிறதா, தன் முறைக்குக் காத்திருக்கிறதா என்று எல்லாமே குழந்தையைப் பற்றியவை. வகுப்பில் எத்தனை பேர், மணி எவ்வளவு சத்தம், ஆசிரியருக்கு என்ன பயிற்சி என்று ஒரு வரி கிடையாது. பரீட்சை என்பது பார்வையும் தீர்ப்பும் ஒன்றாகும் இடம் என்று ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். இந்தப் பரீட்சையில் 'தேறி' 40 சதவீதம் வாங்கினால்தான் 31ஆம் பிரிவின் இலவசக் கல்வி.

தோழர் ஒருவரின் குடும்பத்தோடு ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "நம்ம ஸ்கூல்ல இதுக்கெல்லாம் ஃபெசிலிட்டி இல்ல சார். அம்மா கூடவே உக்காந்துக்கிட்டா பாக்கலாம். இல்லன்னா ஷேடோ டீச்சர நீங்களே ஏற்பாடு பண்ணிக்கணும்." தகப்பனைப் பார்த்து அவர் இதைக் கேட்கவில்லை. பெட்டல்ஹைமிடம் குற்றவாளி, 1999இல் காப்பாளர், இப்போது சம்பளமில்லாத நிழல். பள்ளி செய்ய வேண்டிய வேலை தாயின் உடலுக்கு மாற்றப்படுகிறது. அதற்குத் தாய்மை என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க முடியாது.

பெற்றோர் பலரிடம் போய்ச் சேராத ஒரு விஷயம் உண்டு. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு 40 சதவீதம் கேட்பதில்லை. அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாதாரணப் பள்ளிகளின் தொடக்கநிலையில் இத்தகைய குழந்தைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. பணியிடங்களை உருவாக்குங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது.

அந்தப் பள்ளிக்கு நாங்கள் எழுதிய மனுவில் சான்றிதழைப் பற்றி எதுவுமில்லை. 16ஆம் பிரிவைக் குறிப்பிட்டு நான்கு கேட்டோம்: மணிக்குத் தூரமான வகுப்பறை, அன்றன்றைய வேலைகளைப் படமாகக் காட்டும் அட்டை, தாங்க முடியாதபோது போய் உட்கார ஒரு மூலை, பள்ளியின் செலவில் ஒரு சிறப்பாசிரியர். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னவர் அந்தத் தாய்தான். 'வகுப்பு நேரத்தில் நான் வகுப்பறையில் இருக்க மாட்டேன்.'