பெம்பிகஸும் கூலி நாளும்: கோவையில் ரிட்டுக்ஸிமாப் சிகிச்சைக்கான வாதம்

மோனோகுளோனல் ஆன்டிபாடி என்றாலே வசதி படைத்தவர்களுக்கான சிகிச்சை என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஊசி தொடர வேண்டிய சொரியாசிஸில் அதற்கு நியாயம் உண்டு. பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் கொப்புள நோய்க்கு அது பொருந்தாது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து பேருந்தேறி கோவை உக்கடத்தில் இறங்கி அரசு மருத்துவமனைக்குப் போகும் தினக்கூலி நோயாளிக்குத்தான் ரிட்டுக்ஸிமாப் என்ற அத்தகைய மருந்து முதலில் கிடைக்க வேண்டும் என்பது என் வாதம். தோல் செல்களைப் பிணைத்து வைக்கும் டெஸ்மோகிளின் புரதங்களை உடலே பகையெனக் கருதி எதிர்ப்பொருள் சுரப்பதால் வருவது இந்நோய். பிணைப்பு விட்டதும் வாயிலும் மேனியிலும் கொப்புளங்கள் எழுந்து உடைந்து, எளிதில் ஆறாத புண்களாகின்றன. சோறு விழுங்குவதே வேதனை. ரிட்டுக்ஸிமாப், சிடி20 என்ற குறியைத் தாங்கிய பி செல்களை அழித்து, அந்த எதிர்ப்பொருளின் ஊற்றையே வற்றச் செய்கிறது.

இந்தியாவுக்கு இந்நோயில் சொந்த மரபு ஒன்று உண்டு. டெல்லி எய்ம்ஸில் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980களில் வகுத்த டெக்ஸாமெத்தசோன்–சைக்ளோபாஸ்பமைடு பல்ஸ் முறை, நாளும் அதிக ஸ்டீராய்டு விழுங்குவதால் வரும் கேடுகளைக் குறைத்து, கைவிடப்பட்ட பலரைப் பிழைக்க வைத்தது. அதை மதிக்காமல் இங்கே யாரும் பெம்பிகஸ் பற்றிப் பேச முடியாது. ஆனால் அம்முறையில் 28 நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள் மருந்து ஏற்ற வேண்டும். புண்கள் ஆறிய பிறகும் ஒன்பது மாதம் அது நீளும். அந்தக் கட்டத்துக்கு மட்டுமே 27 நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலி தனி. சைக்ளோபாஸ்பமைடு சினைமுட்டைகளையும் விந்தணுக்களையும் பாதிக்கும் என்பதால், குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் இளம் நோயாளிகளுக்கு இழப்பு இன்னும் பெரிது.

2017இல் லான்செட் இதழில் பாஸ்கல் ஜோலி குழுவினர் வெளியிட்ட பிரெஞ்சு ஆய்வில் 90 நோயாளிகள் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு முதல் நாளும் 14ஆம் நாளும் 1000 மி.கி., 12ஆம், 18ஆம் மாதங்களில் 500 மி.கி. என நான்கே முறை ரிட்டுக்ஸிமாப் ஏற்றி, கூடவே குறுகிய காலம் ஸ்டீராய்டும் கொடுத்தனர். இரண்டாண்டு முடிவில் இவர்களில் 89 விழுக்காட்டினருக்கு மருந்தே இல்லாமல் நோய் தணிந்திருந்தது. ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் அது 34 விழுக்காடுதான். 2018இல் அமெரிக்க மருந்து ஆணையம் இந்நோய்க்கு இம்மருந்தை ஏற்றது. அந்த ஆய்வு பல்ஸ் முறையோடு ஒப்பிடவில்லையே என்பது சரியான ஆட்சேபம். எனவே பல்ஸைவிட இது அதிகம் குணமாக்கும் என்று நான் வாதிடவில்லை. ஸ்டீராய்டுச் சுமையும் பறிபோகும் வேலை நாளும் பெரிதும் குறைகின்றன என்பதே தேர்வுக்குப் போதுமான காரணம்.

தொற்று பற்றிய அச்சம் காசநோய் மிகுந்த நம் நாட்டில் இயல்பானது. ஆயினும் மேற்சொன்ன ஆய்வில் கடுமையான பக்கவிளைவுகள் ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களிடமே கூடுதலாக இருந்தன. நீண்டகால ஸ்டீராய்டும் தொற்றுக்குக் கதவைத் திறப்பதுதான். உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றை ரிட்டுக்ஸிமாப் எழுப்பிவிடக் கூடும் என்பதால், அதற்கான ரத்தப் பரிசோதனை முடியாமல் முதல் டோஸை ஏற்றவே கூடாது. விலை என்ற தடையும் முன்போல் இல்லை: 2007இலேயே டாக்டர் ரெட்டீஸ் ரெடிடக்ஸ் என்ற இந்தியத் தயாரிப்பைக் கொண்டுவந்தது, பிறகு போட்டித் தயாரிப்புகளும் வந்தன. நிணநீர்ப் புற்றுநோய்க்காக உலக சுகாதார நிறுவனம் 2015இல் இம்மருந்தை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்கும் வலிமை உடையது. தோல் நோய்ப் பிரிவுகளின் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டால் பேரம் பேசும் பலம் கூடும். செலவைக் குறைக்க அளவைப் பாதியாக்குவது சரியான வழியாகத் தோன்றவில்லை. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் இரு அளவுகளையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வு, முழு அளவின் பக்கமே சாய்ந்தது. குறைத்துக் கொடுத்து நோய் திரும்பினால், மீண்டும் படுக்கையும் ஸ்டீராய்டும் தேவைப்படும். அந்தச் செலவில் ஒரு பகுதியை மருத்துவமனை ஏற்கும், மீதியை நோயாளியின் குடும்பம்தான் ஏற்க வேண்டியிருக்கும்.