கரும்புகையும் மூணு மீட்டரும்

நம்மூர்ல பழைய டவுன் பஸ்ஸுக்குப் பின்னாடி டூவீலர்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பஸ் கிளம்பும்போது கருப்பா ஒரு மூச்சு விடும் பாருங்க... கைக்குட்டையில மூக்கைத் துடைச்சா கரி! 'இவனையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்களா'ன்னு திட்டிக்கிட்டே போவோம்.

கேக்கறதுக்கு ஆள் வச்ச ஊர் ஹாங்காங். 1988-ல அங்கே ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பயிற்சி எடுத்துக்கிட்ட தன்னார்வலர்கள் புகை கக்குற வண்டியோட நம்பரைக் குறிச்சு அனுப்புவாங்க. உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும். வண்டியைச் சோதனைக்குக் கொண்டு போகலைன்னா லைசென்ஸ் ரத்து. மனுஷனோட கண்ணையே கருவியாக்கின நல்ல யோசனை.

ஆனா கண்ணை எதுவரைக்கும் நம்பலாம்? நான் படிக்க வந்த டென்மார்க்கோட கதை இந்த இடத்துலதான் சுவாரசியமாகுது.

2006 கடைசியில இங்கே ஒரு சட்டம் வந்துச்சு. அதன்படி 2008 செப்டம்பர் 1 முதல் கோபன்ஹேகன் சுற்றுச்சூழல் மண்டலமாச்சு. 3.5 டன்னுக்கு மேலான பழைய டீசல் லாரி, பஸ் எல்லாம் புகைத்துகள் வடிகட்டி மாட்டினாத்தான் ஊருக்குள்ள வரலாம். முன்கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டணும். புகையைத் தேடுறதுக்குப் பதிலா ஸ்டிக்கரைப் பார்த்தாப் போதும். 2020-ல அந்த வேலையும் நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமராவுக்குப் போயிடுச்சு. 2023 அக்டோபர்ல இருந்து வடிகட்டி இல்லாத டீசல் காருக்கும் தடை.

கரி குறைஞ்சுது, சந்தோஷம். ஆனா டீசல்ல இன்னொரு வில்லன் இருக்கான்: நைட்ரஜன் டை ஆக்ஸைடு. சாலையோரத்துல நின்னா அது கண்ணுக்கே தெரியாது. கொடுமை என்னன்னா, வினையூக்கி சேர்த்த சில வகை வடிகட்டிகள் கரியைப் பிடிச்சுக்கிட்டு, வெளியே போற இந்த வாயுவோட பங்கைக் கூட்டிடும். 2015-ல ஃபோக்ஸ்வாகன் குட்டு உடைஞ்சது ஞாபகம் இருக்கும். சோதனையில நல்ல பிள்ளையா நடிச்ச சுமார் 1.1 கோடி டீசல் கார்கள்! அதுங்க பின்னாடி எவ்வளவு கூர்மையான கண்ணோட நின்னிருந்தாலும் ஒரு நம்பரும் குறிச்சிருக்க முடியாது.

அப்போ கருவிதான் கதியா? அதுலயும் ஒரு சிக்கல். கோபன்ஹேகன் நடுவுல ஹெச்.சி. ஆண்டர்சன் பூலவார்டுன்னு பெரிய சாலை. அங்கே ஒரு அளவீட்டு நிலையம். இந்த வாயுவுக்கு ஐரோப்பிய வரம்பு, வருட சராசரியா கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2010-ல சாலையோட தடங்களை மாத்தினதும் வண்டிகள் நிலையத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சு, அளவு எகிறிடுச்சு. 2016-ல நிலையத்தைக் கிட்டத்தட்ட 3 மீட்டர் தள்ளி வச்சாங்க. அளவு இறங்கிடுச்சு!

இதுல மோசடி எதுவும் இல்லை. பழைய தூரத்துக்கே திரும்பக் கொண்டு போனாங்க, அவ்வளவுதான். ஆனா அந்தச் சாலையில சைக்கிள் மிதிக்கிறவன் நுரையீரலை யாரும் மூணு மீட்டர் தள்ளி வைக்கலையே :-(

புகையைப் பார்த்தா சொல்லத்தான் வேணும். கூடவே, புகையே தெரியலைன்னா எங்கே வச்சு அளந்தீங்கன்னும் கேக்கணும்.