'வகுப்பு' என்னும் ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், உதவித்தொகைக்கான ஆங்கில விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்து நம்மிடம் கையொப்பம் கேட்டான். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகிய அனைத்தையும் பிழையின்றி எழுதியிருந்தான். 'கிளாஸ்' என்றிருந்த இடத்தில் மட்டும் 'பத்து' என்று எழுதாமல் 'எஸ்.சி.' என்று எழுதியிருந்தான். "ஏன் தம்பி இப்படி எழுதினாய்?" என்று கேட்டோம். "எந்தப் பாரத்திலும் அதைத்தானே சார் கேட்கிறார்கள்?" என்றான்.

அவனைத் திருத்தி அனுப்பினோம். ஆயினும் அவனுடைய விடை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. எண்ணிப் பார்க்குங்கால், அது அவன் ஒருவனுடைய பிழையன்று என்பது விளங்கிற்று. அச்சொல்லே அவ்வாறு இரு பொருள்பட நம்மிடம் வந்து சேர்ந்த சொல். அது வந்த வழியை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி, இவ்வெள்ளி விழா மலரில் இச்சிறு கட்டுரையை வரைகின்றோம்.

'கிளாஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பல. பள்ளியில் மாணவர் அமரும் பிரிவும் கிளாஸ். பட்டத் தேர்வில் பெறும் தரமும் கிளாஸ். இரயில் பெட்டியின் வேறுபாடும் கிளாஸ். உயிரியலில் பாலூட்டிகளும் பறவைகளும் தனித்தனிக் கிளாஸ். பொருளியலார் உழைப்போரையும் உடைமையாளரையும் பிரித்துக் கூறுவதும் இச்சொல்லாலேயே. இத்தனைக்கும் தமிழில் ஒரே சொல் போதவில்லை. வகுப்பு, வர்க்கம், பிரிவு, தரம், இனம் எனப் பல சொற்களை இடமறிந்து ஆள்கின்றோம். இலங்கைத் தமிழர் பள்ளி வகுப்பையே 'தரம்' என வழங்குகின்றனர்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. பண்டை உரோமாபுரியில் குடிமக்களை அவரவர் சொத்தின் அளவு கொண்டு ஐந்து பிரிவுகளாகப் பகுத்தனர். அப்பிரிவுக்குப் பெயர் 'கிளாசிஸ்'. சர்வியஸ் துல்லியஸ் என்னும் மன்னன் இம்முறையை ஏற்படுத்தினான் என்பது அந்நாட்டு மரபு. முதற் பிரிவினனைக் 'கிளாசிகஸ்' என்றனர். உயர்ந்த இலக்கியத்தைக் குறிக்கும் 'கிளாசிக்' என்ற சொல் இதிலிருந்தே பிறந்தது. 2004ஆம் ஆண்டில் நம் தமிழுக்கு இந்திய அரசு அளித்த செம்மொழித் தகுதியின் ஆங்கிலப் பெயரிலும் இவ்வேரே உள்ளது. ஐந்து பிரிவுகளிலும் சேராத ஏழைகளோ, பிள்ளைகளைத் தவிர வேறு செல்வம் இல்லாதவர் என்னும் பொருளில் 'புரோலிடாரி' எனப்பட்டனர். பாட்டாளி வர்க்கத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் சொல் அதன் வழி வந்ததே.

நம் நாட்டிலும் நால் வருணத்துக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டோரைப் 'பஞ்சமர்', அதாவது ஐந்தாமவர் என்றனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உரோமாபுரியில் சொத்துச் சேர்த்தவன் பிரிவு மாறலாம். இங்கோ பிறப்பே பிரிவாயிற்று.

தமிழில் 'வகுப்பு' என்பது 'வகு' என்னும் வினையடியாகப் பிறந்தது. வகுத்தலாவது பிரித்தல். ஆங்கிலச் சொல்லைப் போலவே இதுவும் பள்ளி அறையையும் குறிக்கும். மக்கள் பிரிவையும் குறிக்கும். 1921இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த ஆணையை வகுப்புவாரி ஆணை என்றே நாம் வழங்குகின்றோம். ஆக, வகுப்பு என்னும் சொல்லுக்குள் நம் முன்னோருக்கு இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று அவர்களைப் பிரித்து வெளியே நிறுத்தியது. மற்றொன்று பள்ளியின் வாயில். அதுவோ அவர்களுக்கு அடைத்திருந்தது.

அவ்வாயில் திறந்த கதை நமக்குத் தொலைவில் நடந்ததன்று. நம் கொட்டிவாக்கத்திலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் சென்று திருவான்மியூரைக் கடந்தால் ஊரூர் வரும். அங்கே 1894இல் கர்னல் ஆல்காட் அவர்கள் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் இரட்டைமலை சீனிவாசனார், பிறர் இழிவாக வழங்கிய பெயரையே எடுத்துத் தம் இதழுக்குப் 'பறையன்' எனப் பெயர் சூட்டி வெளியிட்டார். பண்டிதர் அயோத்திதாசரோ நம் மக்களின் பூர்விகம் பௌத்தமே என்று நிலைநாட்ட முற்பட்டு, 1907 முதல் இதழ் நடத்தினார். பள்ளியும் பத்திரிகையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது தற்செயலன்று. எழுத்தறிந்தவனே தன் பெயரைத் தானே எழுத முடியும்.

அரசு ஏடுகளிலோ நம் பெயரைப் பிறர் எழுதிவந்தனர். பஞ்சமர் என்றனர், பின்னர் 'டிப்ரஸ்டு கிளாசஸ்', அதாவது தாழ்த்தப்பட்ட வகுப்புகள் என்றனர். பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் இப்பெயர்ச் சிக்கலை எழுப்பினார். அதன் பயனாக 1922இல் பழைய பெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என எழுதுமாறு அரசு ஆணையிட்டது.

1931ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டன் வட்டமேசை மாநாட்டில், அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் இணைந்து ஒரு துணை விண்ணப்பம் அளித்தனர். 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என்னும் பெயர் எம் மக்களுக்கு இழிவு தருவது, வேறு பெயர் வேண்டும் என்று அதில் கோரினர். சாதிசாரா இந்துக்கள் என்பது அவர்கள் முன்மொழிந்த பெயர்களுள் ஒன்று. அக்கோரிக்கை அவ்வாறே ஏற்கப்படவில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்', அதாவது அட்டவணைச் சாதியினர் என்ற பெயரைக் கொணர்ந்தது. கிளாஸ் போய், போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்த காஸ்ட் அவ்விடத்தில் அமர்ந்தது.

கிளாஸ் என்னும் சொல் அத்துடன் மறையவில்லை. வகுப்புவாரி முறையின்படி சென்னை மாகாண மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 2 நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அம்முறை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே அரசியலமைப்பில் முதல் திருத்தம் செய்யப்பட்டு, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய 'கிளாஸ்' மக்களுக்கும், அட்டவணைச் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என அது கூறிற்று. அன்று வெளியே நிறுத்தப் பயன்பட்ட சொல், இன்று கல்லூரிக்குள் அழைத்துச் செல்லும் சட்டத்திலும் இடம் பெற்றுள்ளது.

இங்கு இளைஞர்கள் ஓர் இலக்கணக் குறிப்பையும் உளங்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் 'பேக்வர்டு' என்றால் பின்னே இருப்பவர் என்பது மட்டுமே பொருள். அவரைப் பின்னுக்குத் தள்ளியவர் உண்டு என்று அச்சொல் கூறாது. தமிழிலோ 'பிற்படுத்தப்பட்டோர்' என்கின்றோம். 'தாழ்ந்தோர்' என்னாமல் 'தாழ்த்தப்பட்டோர்' என்கின்றோம். இவை செயப்பாட்டு வினையின் வழி வந்த சொற்கள். செயப்பாட்டு வினை இருப்பின் செய்தவனும் உண்டு என்பது நாம் ஆறாம் வகுப்பிலேயே கற்பிக்கும் பாடம். தாழ்வு நம் இயல்பன்று, பிறரால் செய்யப்பட்டது. செய்யப்பட்டதாகலின் அது மாற்றவும் படும். 'தாழ்த்தப்பட்ட' என்பதைச் சோம்பலால் 'தாழ்ந்த' என்று எழுதும் பிள்ளையின் ஏட்டில் நாம் சிவப்பு மையால் திருத்துவது எழுத்துப் பிழைக்காக மட்டுமன்று.

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை நேரத்தில் விளக்கேற்றி நடத்திவருவதும் 'கிளாஸ்'தான். பகலெல்லாம் உழைத்த பெற்றோர் தம் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வந்து, "கிளாசுக்கு நேரமாயிற்று" என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு எந்த இழிவும் இல்லை. ஊரூரில் 1894இல் திறந்த வாயிலின் நீட்சியே அது.

சான்றிதழில் எஸ்.சி. என்று எழுதுதல் நம் உரிமை. அதனை எழுத வெட்கப்படுவோர் அவ்வுரிமைக்காக உழைத்தோரை மறந்தவர். ஆயின் விண்ணப்பத்தில் கிளாஸ் என்ற இடம் வரும்போது, அது எதைக் கேட்கின்றது என்று நின்று படித்து, பத்து என்றோ, பன்னிரண்டு என்றோ, பட்ட வகுப்பு என்றோ நம் பிள்ளைகள் நிமிர்ந்து எழுத வேண்டும். அந்த எண் ஆண்டுதோறும் ஒன்றேனும் கூட வேண்டும். இடையில் எந்தப் பிள்ளையும் நின்றுவிடாமல் காப்பது கழகத்து உறுப்பினர் ஒவ்வொருவருடைய கடமையாகும்.

அம்மாணவன் அன்று நம் மேசையருகே நின்றபடியே எஸ்.சி. என்பதை அடித்துவிட்டுப் 'பத்து' என எழுதினான். பிறகு கீழே பார்த்து, "சார், கம்யூனிட்டி என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது; அதில் எழுதட்டுமா?" என்று கேட்டான். "தாராளமாக எழுது" என்றோம். இரண்டையும் அதனதன் இடத்தில் எழுதிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினான்.