பத்மநாபனின் தாசன்

வைக்கம் என்றாலே நமக்குப் பெரியார் சிறை போனதுதான் ஞாபகம் வரும். நான் 1750-லிருந்து தொடங்குவேன். அந்த வருஷம் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து, 'பத்மநாப தாசன்' ஆனார். வழக்கத்தை மாத்தச் சொன்னால், "சாமி ராஜ்ஜியம், நான் காரியஸ்தன்தானே" என்று ஒதுங்கிக்கொள்ள நல்ல வசதி!

1924 மார்ச் 30-இல் தொடங்கிய சத்தியாகிரகம் கோயிலுக்குள் போகக்கூட கேட்கவில்லை. சுற்றுத் தெருவில் நடக்க விடுங்கள் என்றது. கிறிஸ்துவரும் முஸ்லிமும் நடந்த தெரு. ஈழவருக்கும் புலையருக்கும் தடை. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் 22க்கு 21 என்று தோற்றது. அடுத்த மாதம் காந்தி இண்டந்துருத்தி மனைக்குப் போனார். வைசியர் என்பதால் அவரையே வீட்டுக்குள் விடாமல் வெளியே உட்காரவைத்துப் பேசினார் நம்பூதிரி. தாழ்ந்த பிறப்பு முன்வினையாம். நவம்பரில் சமரசம்: மூன்று பக்கத் தெரு திறந்தது, கிழக்கு திறக்கவில்லை.

1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில்களையே திறந்துவிட்டார். அவரும் பத்மநாப தாசன்தான். சாஸ்திரம் மாறிவிட்டதா என்ன? அதற்குள் ஈழவத் தலைவர்கள் மதம் மாறுவது பற்றி வெளிப்படையாகவே பேசத் தொடங்கியிருந்தார்கள்.