யோகான் வான் டெர் கியூக்கன்

யோகான் வான் டெர் கியூக்கன் (ஏப்ரல் 4, 1938 - ஜனவரி 7, 2001) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநரும் ஒளிப்படக் கலைஞரும் எழுத்தாளரும் ஆவார். தம் படங்களுக்குப் பெரும்பாலும் தாமே ஒளிப்பதிவு செய்தார். அவருடைய பல படங்களில் ஒலிப்பதிவை மனைவி நோஷ் வான் டெர் லேலி மேற்கொண்டார்.

ஒளிப்படங்கள்

ஆம்ஸ்டர்டாமில் பிறந்த இவர், சிறு வயதிலேயே பாட்டனாரிடம் ஒளிப்படக்கலையைக் கற்றார். தம்முடன் படித்தவர்களைப் படமெடுத்து, "எங்களுக்கு வயது 17" என்ற நூலை 1955 இல் வெளியிட்டார். சோர்வும் சிந்தனையும் படிந்த இளைஞர் முகங்களைக் காட்டிய அந்நூல், இளமை என்றால் உற்சாகம் என்று எண்ணிய மூத்தோரிடையே சர்ச்சையை எழுப்பியது. 1956 இல் பாரிசு சென்று திரைப்படக் கல்லூரியில் பயின்றார். அந்நகரில் எடுத்த ஒளிப்படங்கள் 1963 இல் நூலாக வெளிவந்தன.

பார்வையற்ற சிறுவன்

1964 இல் வெளியான "பார்வையற்ற குழந்தை" என்னும் படம், பார்வையற்ற சிறுவர்கள் உலகை எவ்வாறு அறிகின்றனர் என்பதை ஆராய்ந்தது. அதில் இடம்பெற்ற சிறுவர்களுள் ஒருவனை மட்டும் மையமாகக் கொண்டு 1966 இல் "எர்மன் சுலோபே" படத்தை எடுத்தார். அதில் அச்சிறுவன் ஒலிவாங்கியைக் கையிலெடுத்துத் தானே ஒலிகளை உருவாக்குகிறான். இறுதியில் இயக்குநர், திரையில் காணும் எர்மன் ஒரு வடிவமே என்று கூறி அவனிடமிருந்து விடைபெறுகிறார். பிறர் வாழ்வைப் படமாக்குபவருக்கு அவர்மீது உள்ள உரிமை எவ்வளவு என்ற வினாவை இம்முடிவு எழுப்புகிறது.

வடக்கும் தெற்கும்

1972 முதல் 1974 வரை வெளிவந்த மூன்று படங்கள், செல்வ நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையிலான உறவைப் பேசுகின்றன. மூன்றாவதான "புதிய பனியுகம்", வட நெதர்லாந்தின் பனிக்கூழ் ஆலையில் உழைக்கும், செவித்திறன் குன்றிய உடன்பிறப்புகளின் வாழ்வையும் பெரு நாட்டு ஏழைகளின் வாழ்வையும் அருகருகே வைக்கிறது. விளக்கவுரையால் இணைக்காமல், காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்வையாளரையே தொடர்பைக் காணச் செய்வது இவரது முறையாகும்.

"கிணற்றின் மேல் கண்" (1988) கேரளத்தில் எடுக்கப்பட்டது. களரிப்பயிற்று, கதகளி, வேதம் ஓதுதல் ஆகியவற்றைக் கற்பிக்கும் காட்சிகளுடன், ஊர் ஊராகச் சென்று கடன் கொடுத்து வசூலிக்கும் ஒருவரின் அன்றாடமும் இதில் இடம்பெறுகிறது. மரபுக் கலைகளை மட்டும் காட்டிச் செல்லாமல், பணத்தின் நடமாட்டத்தையும் சேர்த்துக் காட்டியமை இப்படத்தின் சிறப்பாகும்.

ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் "ஆம்ஸ்டர்டாம் உலகக் கிராமம்" (1996), தம் நகரில் வாழும் புலம்பெயர்ந்தோரைப் பின்தொடர்ந்து பொலிவியா, செச்சினியா முதலிய இடங்களுக்குச் செல்கிறது.

இறுதிப் படம்

1998 இல், தமக்கிருந்த புற்றுநோய் பரவிவிட்டதையும் சில ஆண்டுகளே எஞ்சியிருப்பதையும் மருத்துவர் வாயிலாக அறிந்தார். உடனே மனைவியுடன் பயணம் புறப்பட்டு, பூட்டான், நேபாளம், மாலி, புர்க்கினா பாசோ, பிரேசில் முதலிய நாடுகளில் படம்பிடித்தார். "நீண்ட விடுமுறை" என்ற அப்படம் 2000 இல் வெளியானது. காட்சிகளை உருவாக்க இயலாத நிலையே தமக்கு மரணம் என்று அதில் கூறுகிறார். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் காலமானார்.

குறிப்பிடத்தக்க பிற படங்கள்

* பெப்பி (1965)
* நாட்குறிப்பு (1972)
* வெண் கோட்டை (1973)
* தட்டைக் காடு (1978)
* தெற்கு நோக்கிய வழி (1981)
* லூசபெர்ட், காலமும் பிரிவும் (1994)