‘மூணாவது ஸ்டேஜ்’ என்ற சொல்லின் கதை

“மூணாவது ஸ்டேஜாம்” என்று செம்பூரிலிருந்து அத்தான் போனில் சொன்ன அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். “இனிமே எதுக்கு அவளை வதைக்கணும்?” என்று பெரியவர்கள் பேசிப் பேசியே மூன்று வாரம் போய்விட்டது. சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு ஸ்டேஜ் என்றால் எமனுக்கு இன்னும் எத்தனை படி என்ற கணக்குதான்! உண்மையில் அந்தச் சொல் பிறந்த காரணமே வேறு.

1920-களில் ஐரோப்பாவில் இந்நோய்க்கு ரேடியம் சிகிச்சை பரவியிருந்தது. ஒருவர் சிறு கட்டிகளையும் மற்றொருவர் முற்றிய கட்டிகளையும் கணக்கில் சேர்த்தால், யாருடைய சிகிச்சை மேல் என்று எப்படி ஒப்பிடுவது? அதற்காகவே 1929-இல் சர்வதேச சங்கத்தின் நிபுணர்கள் கருப்பைவாய்ப் புற்றை நான்கு நிலைகளாக வகுத்தார்கள். பின்னர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பியர் டெனுவா 1943 முதல் 1952 வரை உழைத்து, ‘டி.என்.எம்.’ முறையை உருவாக்கினார். கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களில் பரவல், தொலைவிலுள்ள உறுப்புகளில் பரவல் என மூன்று கேள்விகள். 1968-இல் இது உலக மருத்துவர்களுக்கான கைநூலாக வெளிவந்தது.

ஆக, நிலை என்பது சிகிச்சைக்கு வழிகாட்டி. கருப்பைவாயில் கட்டி சிறிதாக இருந்தால் பெரும்பாலும் அறுவை. சுற்றிலும் பரவிவிட்டால் கத்தியால் முழுதும் எடுக்க இயலாது. கதிர்வீச்சும் கூடவே வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் மருந்தும் தருவார்கள். அதுவும் குணமாக்கும் நோக்கத்தோடுதான். நம் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 3பி நிலையிலிருந்த 850 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதமும், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதமும் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தார்கள். நாங்கள் கைவிட இருந்தது இந்த வாய்ப்பைத்தான்!

இன்னொன்று. எல்லாப் புற்றுக்கும் ஒரே கணக்கு கிடையாது. விரைப்புற்றுக்கு நான்காம் நிலை என்பதே இல்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்டேஜை வைத்து நம் வீட்டு நோயாளியை எடை போட வேண்டாம். “இது குணமாக்கும் சிகிச்சையா, வேதனையைக் குறைக்கும் சிகிச்சையா? எப்போது தொடங்கலாம்?” என்று டாக்டரிடமே கேளுங்கள்.

அக்கா சிகிச்சை முடித்து இது நாலாவது பொங்கல். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.