ஃபெர்குசன்: ஒரு புறநகரின் மக்களும் வருமானமும்

ஃபெர்குசன் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் மாநகரை அடுத்து வடக்கே அமைந்த சிறிய புறநகர். 1855இல் வில்லியம் ஃபெர்குசன் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஒரு பகுதியை ரயில் பாதைக்கும் நிலையத்துக்கும் கொடுத்தார். அந்த நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் 1894இல் நகராட்சியானது. எமர்சன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமையகம் நெடுங்காலம் இங்கிருந்தது.

1970இல் இவ்வூரில் நூற்றுக்கு 99 பேர் வெள்ளையர். கறுப்பினத்தவரின் பங்கு 1990இல் கால்வாசியானது, 2000இல் பாதியைத் தாண்டியது, 2010இல் 67 விழுக்காட்டைத் தொட்டது. நாற்பதே ஆண்டுகளில் ஊர் தலைகீழாக மாறியது.

அந்தப் பழைய 99 விழுக்காடு இயல்பாக அமைந்ததன்று. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை செயின்ட் லூயிஸ் வட்டார வீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் எழுதப்பட்டிருந்தது. கூட்டரசின் வீட்டுக்கடன் காப்புறுதியும் வெள்ளையர் குடியிருப்புகளுக்கே சாதகமாக இருந்தது. பக்கத்து ஊரான கின்லாக், கறுப்பினத்தவர் வாழ்ந்த, அவர்களே ஆண்ட ஊர். அங்கிருந்து வரும் முக்கியச் சாலையை 1960களின் பிற்பகுதிவரை ஃபெர்குசன் சங்கிலி கட்டி அடைத்து வைத்திருந்தது. மற்றொரு சாலை பகலில் மட்டும் திறந்திருக்கும்: வெள்ளையர் வீடுகளில் வேலைசெய்யும் கறுப்பினப் பெண்கள் வந்துபோக வேண்டுமே. இந்த ஊரின் மக்கள்தொகைக் கணக்கைப் படிப்பவர் அந்தச் சங்கிலியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தடைகள் ஒன்றொன்றாக விழுந்தன. இனநிபந்தனைகளை நீதிமன்றங்கள் வழி அமல்படுத்த முடியாதென 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே செயின்ட் லூயிஸில் பிறந்ததுதான். 1968இல் வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. மாநகரின் புரூயிட்-ஐகோ அரசுக் குடியிருப்பு 1972 முதல் இடிக்கப்பட்டது. கின்லாக்கின் வீடுகளை விமான நிலைய விரிவாக்கத்துக்காக வாங்கியதால் அவ்வூர் ஏறக்குறைய காலியாகி, 2010இல் 300 பேர்கூட எஞ்சவில்லை. இப்படி வெளியேறியவர்கள் மாநகரின் வடக்குப் புறநகர்களில் குடியேற, அங்கிருந்த வெள்ளையர்கள் இன்னும் வெளியே நகர்ந்தனர்.

கறுப்பினத்தவர் வந்ததால் ஊர் ஏழையானது என்ற பேச்சு பரவலாக உண்டு. கால வரிசையே அதை மறுக்கிறது. முதலில் வந்தவர்களில் பலர் சொந்த வீடு தேடிய நடுத்தரக் குடும்பத்தினர். 2000இல் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாகிவிட்ட பின்னும் வேலையின்மை 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. சரிவு அதற்குப் பிறகுதான் வந்தது. 2010–12 காலத்தில் வேலையின்மை 13 விழுக்காட்டைத் தாண்டியது. வறுமை விகிதம் இருமடங்காகி, நான்கில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார். வேலையில் இருந்தவர்களின் சராசரி ஊதியமும், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2008ஐ ஒட்டிய வீட்டுக்கடன் நெருக்கடியில் பலர் வீடிழந்தனர். சொந்த வீடுகள் வாடகை வீடுகளாயின. அரசின் வாடகை உதவி பெற்ற குடும்பங்கள் சுமார் 300இலிருந்து 800க்கு மேல் உயர்ந்தன. தென்கிழக்கு ஓரத்து அடுக்ககங்களில் வறுமை செறிந்தது.

குடிமக்களின் கை சுருங்கச் சுருங்க, நகராட்சி அபராதத்தை வருவாயாக்கியது. 2010 நிதியாண்டில் அபராதம், கட்டணம் மூலம் வந்தது சுமார் 13.8 லட்சம் டாலர். 2015க்கு எதிர்பார்த்தது 30.9 லட்சம், அதாவது அந்த ஆண்டு வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு. போக்குவரத்து விதிமீறல் அபராதத்தைக் கட்ட முடியாதவர் மீது பிடியாணை பாய்ந்தது, ஏழ்மையே குற்றமானது. 2012–14இல் சாலையில் காவலர் நிறுத்திய வாகன ஓட்டிகளில் 85 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர் என அமெரிக்க நீதித் துறை 2015 மார்ச்சில் அறிவித்தது.

அதிகாரம் மக்கள்தொகையின் வேகத்தில் மாறவில்லை. நகராட்சித் தேர்தல் நாட்டின் பொதுத் தேர்தலோடு சேராமல் ஏப்ரலில் நடப்பதால் வாக்களிப்போர் சிலரே. 2014 ஆகஸ்ட் 9 அன்று ஆயுதமற்ற 18 வயது மைக்கேல் பிரவுன் ஒரு வெள்ளைக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டு, ஊர் கொதித்தெழுந்தபோது, மேயர் வெள்ளையர். 53 காவலர்களில் கறுப்பினத்தவர் மூவர். ஆறு பேர் கொண்ட நகர மன்றத்தில் கறுப்பின உறுப்பினர் ஒருவர். அடுத்த ஏப்ரல் தேர்தலில் அந்த எண்ணிக்கை மூன்றானது. 2020இல் எல்லா ஜோன்ஸ் என்பவர் முதல் கறுப்பின மேயராகத் தேர்வானார். 2010இல் 21,203 ஆக இருந்த மக்கள்தொகை, அவர் பொறுப்பேற்ற ஆண்டின் கணக்கெடுப்பில் 18,527 ஆகக் குறைந்திருந்தது.